ஆம்ப்ரோஸ் தட்டிப் பார்த்த கட்டடங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் பழைய கடைவீடுகளை நிறம் சொல்லி ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு அடையாளம் காட்ட முடியாது. ஒரு மதியம் சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு நடந்து வரும்போது, "அந்த மஞ்சள் ஜன்னல் வீட்டு ரிப்போர்ட் இன்னும் அனுப்பல அண்ணே" என்றேன். அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"எது மஞ்சள்? நம்பர் சொல்லு."

சொன்னேன்.

"ஓ, மூணாவது உத்தரத்துல ஒட்டுப் போட்ட வீடு. அப்படிச் சொல்லுலா. மஞ்சளாம் மஞ்சள்."

அவர் கரையான் பரிசோதகர். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த வேலை பார்த்தார். மற்றவர்கள் அந்தக் கட்டடங்களைத் தெருவில் நின்று பார்த்தார்கள். அவர் ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடையில், நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத இருட்டில், டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தார். பள்ளிவாசலின் மரப்படிகள், சீனச் சங்க வீட்டின் பரண், குவீன்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் இராணுவ அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள், பழைய பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் வயிறும் அவருக்குத் தெரியும். முகம் தெரியாது.

சென்ற மாதம் பதினோராம் தேதி காலையில், பசியாறிவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே விழுந்து இறந்துபோனார். வயது அறுபத்து நான்கு. செய்தித்தாள் அறிவிப்பில் பெயர், வயது, மனைவி ரூபி, மகள் கேட்லின், பூசை நேரம் எல்லாம் இருந்தன. என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள். காரைக்குடியில் விலங்கியல் படித்துவிட்டு 2012இல் இங்கே வந்து அந்தச் சிறிய பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு எழுதப் பிடிக்காது. எழுதத் தெரியாதவர் அல்ல. "மேல பாத்தத வாய்ல சொல்லிடுறேன், கீழ வந்தா பாதி மறந்துடும்" என்பார். எனவே பரணில் படுத்தபடியே கைப்பேசியில் பேசி அனுப்புவார். நான் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கையாக்குவேன்.

அவருடைய குரல்பதிவுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"விசாலம், எழுதிக்கோ. மேல்மாடி, முன்னறை. முதல் உத்தரம்." பின்னணியில் டக், டக். "நல்லா இருக்கு. ரெண்டாவது." டக், டக். "நல்லா இருக்கு. அம்மாடி, இங்க ஒரு பூனை குட்டி போட்டுக் குடும்பம் நடத்துது. அத எழுதாத."

அந்த டக் டக், திருப்புளியின் மரக் கைப்பிடியால் அவர் தட்டும் சத்தம். நல்ல மரம் 'டக்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே கரையான் தின்று கூடாக்கிய மரம் 'தொப்' என்று சாகும். மேலே தோல்போல ஒரு பூச்சு மட்டும் நிற்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நிறுவனத்தில் மரத்துக்குள் மெல்லிய ஊசியை இறக்கிப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. ஆனால் அதை எல்லா உத்தரத்திலும் இறக்க முடியாது. எங்கே இறக்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸின் காதுதான் சொல்லும்.

இருபத்தோரு வயதில் கொசுப்புகை அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். நான்கு ஆண்டுகள் அந்த இயந்திரத்தைத் தோளில் சுமந்து குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றினார். அதற்குப் பிறகுதான் கரையான். பரண்களில் அவர் கண்டெடுத்தவை நிறைய. பீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஜப்பான்காரன் காலத்துத் தகர டப்பா. கெர்பாவ் சாலை வீடு ஒன்றில் கைமரத்துக்குப் பின்னால் சுருட்டிச் செருகிய கணக்குப் பரீட்சைத் தாள் கிடைத்தது. நூற்றுக்கு இருபத்து மூன்று. மை மங்கி, ஓரம் பொடிந்து, ஐம்பது அறுபது ஆண்டு பழையது. படம்கூட எடுக்காமல் இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தார்.

"வீட்டுக்காரங்ககிட்ட காட்டியிருக்கலாமே அண்ணே?" என்றேன்.

"அப்பனுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒருத்தன் ஒளிச்சு வச்சிருக்கான். நாம ஏன் காட்டிக் குடுக்கணும்?"

அவருடைய பங்குக் கோயில் நூறு ஆண்டைத் தாண்டிய கத்தோலிக்கத் தேவாலயம். வாசலுக்கு நேர் மேலே பாடகர் மாடம். எட்டு உத்தரங்கள் அதைத் தாங்குகின்றன. ஆண்டுதோறும் திருவிழாவுக்குக் கொடியேற்றும் வெள்ளிக்கிழமை மாலை, அங்கே வேலை பார்க்கும் கோயில் பிள்ளை ஏணியைக் கொண்டுவந்து சாத்துவார். ஆம்ப்ரோஸ் ஏறி எட்டையும் தட்டுவார். இறங்கி வந்து "ஏறலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் பாடகர் குழு மேலே போகும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் பதினான்கு பேர் பாடுவார்கள். திருவிழாவுக்குப் பிள்ளைகளும் சேர்ந்து ஐம்பது பேர் மாடத்தில் நிற்பார்கள். எப்போதோ யாரோ கேலியாகத் தொடங்கிய வழக்கம். போகப்போக, அவர் சொல்லாமல் யாரும் ஏறமாட்டார்கள் என்றாகிவிட்டது. அவர் மனைவி ரூபியக்கா இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த மாடத்திலிருந்து, நற்கருணை வழங்கும்போது வரும் நன்மைப் பாட்டைத் தனியாகப் பாடுகிறவர். பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. குரல் ஓங்கித்தான் பேசுவார்.

2023 திருவிழாவுக்கும் கொடி ஏறியது. ஆம்ப்ரோஸ் தட்டினார். "ஏறலாம்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு சாகுல் ஹமீது எனக்குத் தொலைபேசினார்.

ரோவல் சாலைப் பக்கம் அவருக்குப் பயணப்பெட்டிக் கடை. கீழே கடை, மேலே சரக்கு.

"தங்கச்சி, உங்க ஆளு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாரே, நாலாவது கட்டை. இன்னிக்கு ஃபேன் மாட்ட ஆள் வந்தான். ஸ்க்ரூ ரொட்டிக்குள்ள போற மாதிரி போகுது. மாவு கொட்டுது. வந்து பாக்கச் சொல்லுங்க."

"யாருக்கும் அடி ஒண்ணும் படலையே பாய்?"

"அதெல்லாம் இல்ல. பொட்டிங்க மேலதான் மாவு."

ஆம்ப்ரோஸ் அண்ணன் உடனே போனார். மூன்று மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் மரத்தூளோடு அலுவலகத்துக்குத் திரும்பினார். பையை என் மேசைமேல் வைத்தார்.

"பாய் காப்பி வாங்கிக் குடுத்தாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த உத்தரத்தின் ஒரு பாதி எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில் மாற்றப்பட்ட மட்ட மரம். மீதிப் பாதி பழைய கடினமரம். இரண்டுக்கும் ஒரே சாயம். கடினமரத்தை விட்டுவிட்டு மட்ட மரத்தை மட்டும் கரையான்கள் சுத்தமாகத் தின்றிருந்தன.

"நான் தட்டினேன் விசாலம். ரெண்டு தடவ தட்டினேன். நல்லா இருந்துச்சு."

எங்கள் மேலாளர் வெங்கடேஷ் எழுந்து வந்தார். சென்னைக்காரர், கணினி ஆள், வாழ்நாளில் ஒரு பரணிலும் ஏறியதில்லை. "ஏழு மாசம் ஆச்சுல்ல அண்ணே. அதுக்கப்புறம் புகுந்திருக்கும்" என்றார்.

"ஏழு மாசத்துல இவ்வளவு திங்காது."

அந்தப் பதிவு என்னிடம் இருந்தது. நான் எதையும் அழிப்பதில்லை. தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன். ஏழு மாதத்துக்கு முந்தைய ஆம்ப்ரோஸ் பேசினார். "மூணாவது." டக், டக். "நல்லா இருக்கு. நாலாவது." டக், டக். தொப், தொப். "நல்லா இருக்கு. அஞ்சாவது."

வெங்கடேஷ் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"பாத்தியா?" என்றார் ஆம்ப்ரோஸ். "நல்ல சத்தம்தானே?"

அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"திரும்பப் போடு."

போட்டேன். மூன்றாவது முறை என் கைப்பேசியை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு அடுத்த காதில்.

"வித்தியாசம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"வெங்கடேஷ்?"

"எனக்கே தெரியுது அண்ணே."

கைப்பேசியை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"அப்ப கோயிலு" என்றார்.

அந்தப் பதிவை ஏழு மாதத்துக்கு முன்பு கேட்டுத் தட்டச்சு செய்தவள் நான். அந்தத் 'தொப்' என் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் 'நல்லா இருக்கு' என்றார், நானும் அதையே எழுதினேன். அதை அவரிடம் அன்றே சொன்னேன்.

"உன் வேலை எழுதறது. கேக்கறது என் வேலை" என்றார்.

எது வரை சரியாகக் கேட்டது என்று தெரிய வேண்டியிருந்தது. பதிவுகளைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். அவராகவே "தொப்புன்னு இருக்கு, மெஷின் கொண்டு வரச் சொல்லு" என்று கடைசியாகச் சொன்னது பதினான்கு மாதங்களுக்கு முன்பு. அதன் பிறகு முப்பத்தேழு கட்டடங்கள். முப்பத்தேழும் 'நல்லா இருக்கு'. எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்த ஆண்டு கரையான் குறைவு என்று வெங்கடேஷ் ஒரு கூட்டத்தில் மகிழ்ச்சியாகச் சொல்லியிருந்தார்.

முப்பத்தேழுக்கும் பதிவு இருந்தது. கேட்டு, சந்தேகமானவற்றைப் பிரிக்கலாம். கோயிலுக்கு மட்டும் இல்லை. அது அவர் சும்மா செய்து கொடுப்பது. அறிக்கையும் இல்லை, பதிவும் இல்லை. கருவியோ பழுதுபார்க்கப் போயிருந்தது, வர இரண்டு வாரமாகும். திருவிழா வரும் ஞாயிறு. ஐம்பது பேர் மாடத்தில் ஏறுவார்கள், அதில் முப்பத்தாறு பிள்ளைகள்.

"போன வருஷமும் என் சொல்ல நம்பி ஏறினாங்க" என்றார் ஆம்ப்ரோஸ், தனக்குத்தானே.

வெங்கடேஷ் ஒரு யோசனை சொன்னார். முப்பத்தேழு பேருக்கும் 'இலவச மறுபரிசோதனை' என்று ஒரு கடிதம் அனுப்பலாம். காரணம் எழுத வேண்டாம். "உங்க பேரு எதுக்கு அண்ணே கெடணும்? முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"இலவசம்னு போட்டா அடுத்த மாசம் வாங்கம்பான். இவன் காது செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் இன்னிக்கே கதவைத் திறப்பான். காரணத்த எழுது விசாலம்."

எழுதினேன். கடிதம் போவதற்கு முன்பே அவர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கினார். லெம்பு சாலை மளிகைக்கடைக்காரர் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இப்ப நான் பேசறது கேக்குதா, இல்ல கத்தணுமா?" என்று கேட்டார். "நீங்க எப்பவும் கத்திக்கிட்டுத்தான இருக்கீங்க, உங்களது கேக்குது" என்றார் இவர்.

புதன்கிழமை மாலை கோயிலில் பாடல் ஒத்திகை. "நீயும் வா. எனக்கு ஒரு காது வேணும்" என்றார். அலுவலகத்திலிருந்து நேராகப் போனோம். ஐம்பது பேரும் மேலே இருந்தார்கள். பிள்ளைகள் நிற்பதற்குப் படிப்படியாகப் பலகை போட்டிருந்தார்கள். கீபோர்டு ஏறிவிட்டது. அவர் பெஞ்சுகளுக்கு நடுவழியில் நின்று மேலே பார்த்துக் கையை ஆட்டினார். குழுத் தலைவர் கேலப் வாசிப்பை நிறுத்தினார்.

"எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. பிள்ளைங்க முதல்ல. ஓடாதீங்க. ஒவ்வொருத்தரா."

"ஏன் அங்கிள்? டீயா?" என்றது ஒரு சிறுமி.

"டீ இல்ல. வாங்க."

"ஆம்ப்ரோஸ் அண்ணே, இன்னும் மூணு பாட்டு பாக்கி" என்றார் கேலப் மேலிருந்தே.

அவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "எனக்குக் காது சரியா கேக்கல. வெள்ளிக்கிழமை ஏறலாம்னு சொன்னேன். அத வாபஸ் வாங்கிக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்கள். பிள்ளைகள் இறங்கத் தொடங்கினார்கள். ரூபியக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றார்.

"எப்பருந்து கேக்கல?"

"தெரியல ரூபி. ஒரு வருஷமா இருக்கலாம்."

"என்கிட்ட சொல்லல."

"எனக்கே நேத்துத்தான் தெரியும்."

"நேத்து ராத்திரி சோறு தின்னுட்டுத்தான தூங்கினீங்க? அப்ப சொல்ல வாய் வரல?" பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவர்போல நிறுத்தினார். "போன வருஷம், நீங்கள்லாம் இப்ப சுரத்தே இல்லாம மெதுவா பாடறீங்கன்னு சொன்னீங்களே. நான் பாட்ட விட்டுடலாமான்னு ஒரு மாசம் யோசிச்சேன்."

ரூபியக்கா பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கி வந்தார், கடைசி ஆளாக. கணவரைத் தாண்டிப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கோயில் பிள்ளை ஏணியைச் சாத்தினார். ஆம்ப்ரோஸ் ஏறித் தட்டினார். நான் ஏணியின் பாதியில் நின்று கேட்டேன். அவர் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். ஏணியை நகர்த்துவார்கள். எட்டு உத்தரம், ஒவ்வொன்றிலும் மூன்று இடம். எல்லாமே 'டக்' என்றுதான் கேட்டது. சுவருக்குள் போகும் முனைகளிலும் அப்படித்தான்.

"அக்கா நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டாங்கல்ல" என்றார் கேலப். "அப்ப ஏறலாமா?"

பங்குச் சாமியாரும் வந்து நின்றிருந்தார். ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினொரு ஆண்டுகள் அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் கேட்டவள்தான். ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஆம்ப்ரோஸ் ஏணியிலிருந்தே கேட்டார். "விசாலம், உன் பிள்ளை மேல நிக்கப்போகுதுன்னா ஏறச் சொல்லுவியா?"

இந்த முறை நான் தலையசைக்கவில்லை.

"அப்ப ஏற வேண்டாம்" என்று இறங்கிவிட்டார்.

சாமியார் கொஞ்சம் தயங்கினார். மாடத்தில்தான் ஒலிவாங்கிகள் எல்லாம் பொருத்தப்பட்டிருந்தன. "ஆம்ப்ரோஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தானே..." என்றார்.

"ஒரு நாளும் வேண்டாம் சாமி. மெஷின் வரட்டும். அதுவரைக்கும் மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்க வச்சுக்குங்க. என்கிட்ட குடுக்காதீங்க, நான் இளகிடுவேன்."

சாவி சாமியாரிடம் போனது.

அந்தத் திருவிழாவில் பாடகர் குழு கீழே, இடப்பக்கத் தூணோரம் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நின்று பாடியது. நன்றாக அமையவில்லை. பின்வரிசைக்காரர்களுக்குப் பாட்டுப் போய்ச் சேரவில்லை என்றார்கள். கீபோர்டு வயரில் இரண்டு பேர் தடுக்கினார்கள். பிள்ளைகளின் பெற்றோர் படமெடுக்க முன்னால் முண்டியதில் நடுப்பூசையில் ஒரே சலசலப்பு. ரூபியக்கா நன்மைப் பாட்டைத் தூணோரம் நின்றே பாடினார். அந்த நான்கு நாள்களும் வீட்டில் அவர் கணவரிடம் பேசவில்லை. பூசை முடிந்து வெளியே பிரியாணிப் பொட்டலம் வாங்க நின்றபோது கேட்டார், இவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, கத்தி:

"இன்னிக்கு என் பாட்டுக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மாடத்துல பாடினாதான் கேக்கறதில்ல."

"அப்ப இனிமே கீழதான் பாடணுமா?" என்று அவர் தோளில் ஒன்று வைத்தார். பேச்சு திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் மருத்துவரிடம் போனார். உயர்ந்த சுருதி ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றார்கள். பேச்சு ஓரளவு கேட்கும். 'டக்'கையும் 'தொப்'பையும் பிரித்துக் காட்டுகிற அந்த நுனி மட்டும் இல்லை. கொசுப்புகை இயந்திரத்தின் இரைச்சலாக இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம் என்றார்கள்.

நான் நான்கு நாள் பதிவுகளைக் கேட்டு மூன்று கட்டடங்களைப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டில் கரையான் இருந்தது. மூன்றாவதில் நான் கேட்டது உத்தரத்தை மூடியிருந்த பலகைப் பெட்டியின் சத்தம். "பரவால்லலா, கேட்டுட்டு விடறதுக்கு இது தேவலை" என்றார். சாகுல் ஹமீது நான்காவது உத்தரத்தை மாற்றினார். மற்றவர்களில் இருவர் எங்களை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் அதைக் குறை சொல்லவில்லை. "நானா இருந்தாலும் போவேன்."

கருவி திரும்பி வந்ததும் முதலில் கோயிலுக்குத்தான் போனது. எட்டு உத்தரங்களிலும் ஊசி இறங்கியது. ஒன்றிலும் கரையான் இல்லை. எல்லாம் நூறு ஆண்டுக் கடினமரம், ஓர் ஓட்டைகூட இல்லை. ஐம்பது பேர் ஏறி ஆடியிருந்தாலும் தாங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் யாராவது காத்திருப்பார்கள். "ஆம்ப்ரோஸ், இந்தப் பெஞ்சு தாங்குமா, தட்டிப் பாத்துச் சொல்லுங்க." "நீ உக்காராத வரைக்கும் தாங்கும்." "அங்கிள், நான் நடக்கலாமா?" கேலப்புக்கு மட்டும் மனக்குறை நீங்க நாளாயிற்று. அவர் ஆறு மாதம் பழக்கிய பாட்டு அது.

ஒரு தடவை நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு பேச்சு வாங்கிட்டீங்களே அண்ணே."

"ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான தெரியும்."

காதுக்கருவி வாங்கிக்கொண்டார். தனியாகப் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிட்டார். ஓராண்டு, கருவியைப் பிடிக்கிறவருக்கு எந்தக் கட்டடத்தில் எந்த உத்தரம் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லும் வேலை பார்த்தார். எதுவும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. 2024 கடைசியில் ஓய்வு பெற்றார். அவர் தலைக்குள் இருந்ததில் பாதியைத்தான் நான் வாங்கி எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பின் வந்த இரண்டு கொடியேற்றத்துக்கும் என் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறிப் போனேன். அவர் தட்டுவார், நான் கேட்பேன். "ஏறலாம்" என்பதை இப்போது இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று அவர் விதி வைத்திருந்தார். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு நான் 'காது அக்கா'. எனக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் எடுத்து வைப்பார்கள்.

அவருடைய அடக்கப் பூசை மதியம் இரண்டு மணிக்கு. காலையில் குவீன்ஸ்டவுனில் அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் ரூபியக்கா உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்திருந்த கேட்லின் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ரூபியக்கா கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தார். அந்தத் திருப்புளி. கைப்பிடியின் அடிப்பக்கம் தட்டித் தட்டித் தட்டையாகிப் போயிருந்தது.

"நீ முன்னாடி கோயிலுக்குப் போயிடு விசாலம். பசங்க ஏறறதுக்கு முன்னாடி தட்டிடு."

கேலப் பக்கத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. "அக்கா, மெஷின் வச்சுப் பாத்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. திருவிழாவுக்கும் தட்டினாங்க. ஒண்ணும் ஆகாது."

"ரெண்டு வருஷம் கரையான் சும்மா உக்காந்திருக்குமா? உனக்கென்னப்பா தெரியும்" என்றார் ரூபியக்கா. ஆம்ப்ரோஸ் அண்ணன் பேசுவதுபோலவே இருந்தது. கேலப் தலையை ஆட்டிவிட்டு எனக்கு டாக்சி பார்க்கப் போனார்.

ஒரு மணிக்குக் கோயிலில் இருந்தேன். கோயில் பிள்ளை கேட்கவே இல்லை, ஏணியைக் கொண்டுவந்து முதல் உத்தரத்தின் கீழ் சாத்தினார். பாடகர்கள் வெள்ளைச் சட்டையில் வாசல் பக்கம் நின்றார்கள்.

நான் ஏறினேன். அவர் தட்டும் அளவுக்கு எனக்குக் கை வரவில்லை, முதல் தட்டு மெதுவாக விழுந்தது. திரும்பத் தட்டினேன். சுவரோரம், நடு, அந்தப் பக்கச் சுவரோரம். இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறினேன். ஆறாவதில் தட்டும்போது வெளியே பேருந்து ஒன்று போனது. அது கடந்து போகும்வரை இருந்து இன்னொரு முறை தட்டினேன். ஏழு. எட்டு.

திருப்புளியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஏறலாம்" என்றேன்.

கேலப் முதலில் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் ஏறினார்கள்.